சுங்கை சிப்புட், மலேசியா: 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு உடல்நல வகுப்பு, இரண்டு மணி நேரத்தில் எதைச் சொல்வது?

மண்டபப்பொறுப்பு | 3 ஆகஸ்ட், இரவு 9.15

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை கோயில் மண்டபம் கிடைக்கிறது. தாமான் பிள்ளைகளும் பழைய லயத்துப் பிள்ளைகளும் சேர்த்து முப்பது பேர் வருவார்கள். பாலியல் நலம் பற்றிப் பேசச் சொல்லிப் பெற்றோரே சிலர் கேட்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் கையேடு பட்டணத்துப் பிள்ளைகளுக்கு எழுதியது. "அருகிலுள்ள இளையோர் மையத்துக்குச் செல்க" என்கிறது. இங்கே அருகில் இருப்பது செம்பனைத் தோட்டம்.

ஒழுக்கம், எய்ட்ஸ், கைப்பேசி எச்சரிக்கை. இந்த மூன்றும் போதும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் வயது வந்தால் தானாகத் தெரிந்துவிடும். சரிதானே?

பழையமிஸ்ஸி | 3 ஆகஸ்ட், இரவு 10.02

சரியில்லை தம்பி. தானாகத் தெரிவது கைப்பேசிப் படத்திலிருந்தும் மூன்றாம் படிவத்து அண்ணன்மாரிடமிருந்தும்தான்.

முதல் இருபது நிமிடம் உறுப்புகளின் பெயருக்கே போகட்டும். வீட்டில் பிள்ளைக்குத் தெரிவது குழந்தைச் சொல், வெளியே தெரிவது கெட்ட வார்த்தை. பள்ளிப் புத்தகத்தில் "கெமாலுவான்", அதன் வேர்ச்சொல்லே "மாலு", அதாவது வெட்கம். நம் நாளிதழ்களில் "மர்ம உறுப்பு". இதில் எதைச் சொல்லி ஒரு பிள்ளை டாக்டரிடம் வலியைக் காட்டும்? ஆண்குறி, விரை, விரைப்பை, யோனி, கருப்பை, கருப்பை வாய், ஆசனவாய். பலகையில் எழுதி, எல்லாரையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். முதல் முறை சிரிப்பார்கள், இரண்டாம் முறை பாதிப் பேர் சிரிப்பார்கள், மூன்றாம் முறை சலிப்புதான் வரும். அந்தச் சலிப்பு வந்த பிறகுதான் பாடத்தைத் தொடங்கலாம். நாளைக்கு யாராவது பிள்ளையிடம் கைவரிசை காட்டினால், "அங்கே தொட்டார்" என்ற வாக்குமூலத்தில் "அங்கே" எது என்றே அரை நாள் போய்விடும்.

அடுத்தது கவுண்டர். நம் ஊரில் பிள்ளைகள் கிளினிக்குப் போகாததற்கு அறியாமை பாதிக் காரணம்கூட இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் யாராவது ஒருவருக்கு அத்தை முறை. "சாக்கிட் அபா?", அதாவது என்ன நோய் என்று அவர் சத்தமாகக் கேட்பார், பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். அதற்கு ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வையுங்கள்: "நாக் ஜும்ப்பா மிஸ்ஸி, ஹால் பெரிபாடி." மிஸ்ஸியை, அதாவது தாதியைப் பார்க்க வேண்டும், சொந்த விஷயம். இதற்கு மேல் கவுண்டரில் எதுவும் சொல்லத் தேவையில்லை. கையில் அடையாள அட்டை, ஒரு வெள்ளி.

செம்பனைக்காடு | 3 ஆகஸ்ட், இரவு 10.40

ஒரு வெள்ளி கிளினிக்குக்கு. அங்கே போக கிராப்புக்குப் பன்னிரண்டு வெள்ளி 😅

மண்டபப்பொறுப்பு | 4 ஆகஸ்ட், காலை 7.30

பெயர் சொல்ல வைப்பது ஐயர் காதில் விழாமல் இருக்க வேண்டும். சரி, பார்த்துக்கொள்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தனியாகப் போனால் கிளினிக்கில் பார்ப்பார்களா?

பழையமிஸ்ஸி | 4 ஆகஸ்ட், காலை 8.10

சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் கேட்பார்கள், ஏனென்றால் இங்கே சட்டப்படி 18 வரை வயது வராதவர். தனியாக வந்து பேசும் பிள்ளையை எப்படி நடத்துவது என்பது கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். வகுப்புக்கு முன்பே நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள்: எந்த நாள், எந்த அறை, எந்த மிஸ்ஸி, பெற்றோருக்குப் பதில் அக்காவோ சித்தியோ வந்தால் போதுமா. அந்தப் பதிலை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "யாருக்கும் தெரியாது, ரகசியமாக வைப்பார்கள்" என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். அது ஒரு தடவை பொய்யாகிவிட்டால் அடுத்த பத்துப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

ஆலோசனைடீச்சர் | 4 ஆகஸ்ட், மாலை 5.20

இரண்டு மணி நேரத்தில் பாதியைக் கேள்விப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். பெட்டி வைத்தால் மட்டும் போதாது, முறை தெரியாமல் வைத்தால் கெட்டுப்போகும்.

எல்லாருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனா. கேள்வி உள்ளவர் மட்டும் எழுதச் சொன்னால் யார் எழுதுகிறார் என்பது அறை முழுக்கத் தெரியும். ஆகவே எல்லாரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் பிடித்த சாப்பாட்டைப் பற்றி மூன்று வரி எழுதட்டும். மூன்று வரி முக்கியம், "நாசி லெமாக்" என்று ஒரு சொல்லோடு முடித்தால் பேனா சீக்கிரம் நின்றுவிடும், கண்டுபிடித்துவிடுவார்கள். மலாயிலோ தமிழிலோ எழுதட்டும். தமிழை மலாய் எழுத்தில் எழுதினாலும் தடுக்க வேண்டாம். இடைநிலைப்பள்ளி போன பிறகு பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நாலாக மடித்துப் போட வேண்டும். பிறகு இருபது நிமிடம் பசியாறல். அந்த நேரத்தில் நீங்கள் தாள்களைத் தரம் பிரியுங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேருங்கள். எழுதியபடி வாசிக்காதீர்கள், உங்கள் வார்த்தையில் மாற்றிக் கேளுங்கள். சின்ன ஊர், சொல்லாட்சியை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார்கள். கையெழுத்து தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரையும் பிரிக்க உட்கார வைக்க வேண்டாம்.

"மாமா இப்படிச் செய்கிறார்" என்ற வகையில் ஒரு தாள் வந்தால் அதைக் கூட்டத்தில் தொடவே கூடாது. அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்: நேரில் பேச விரும்புகிறவர் தாளில் பெயர் எழுதலாம், அந்தத் தாளை நான் மட்டும் பார்ப்பேன், ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடிய இன்னொருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

மருந்துக்கடை | 5 ஆகஸ்ட், இரவு 11.15

பெரிய பிள்ளைகள் பெட்டியில் ஆணுறை பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போனால், நீங்கள் போன பிறகு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் இருக்கும் ஆணுறை அங்கேயே இருக்கும். அதுதான் நம் ஊர்ச் சிக்கல். மதியம் செம்பனை ஆலை வாசலில் வெயிலில் நிற்கும் மோட்டாரின் சீட்டுக்கடி அடுப்பு மாதிரி. ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் சூட்டில் கெட்டுப்போகும், பார்த்தால் தெரியாது. பணப்பையில் மாதக்கணக்கில் வைத்து உட்கார்ந்தாலும் உரசி உரசி மெலியும்.

இரண்டாவது எண்ணெய். நம் வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாத அறை இல்லை. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், தைலம், எதுவானாலும் லேடெக்ஸை நிமிடங்களில் பலவீனமாக்கும். நீரால் ஆன வழுக்குப் பொருள் பொருந்தும். தைலம் கூடுதலாக எரியவும் செய்யும், அது தனிக் கதை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: உறையில் காலாவதித் தேதி பார்ப்பது, அழுத்திப் பார்த்துக் காற்று இருக்கிறதா என்று அறிவது, பல்லாலோ கத்தரிக்கோலாலோ கிழிக்காமல் இருப்பது, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி அடிவரை உருட்டுவது, முடிந்ததும் தளர்வதற்கு முன் அடியைப் பிடித்துக்கொண்டு எடுப்பது. தலைகீழாக வைத்து உருளவில்லை என்றால் திருப்பிப் போடக் கூடாது, புதிது எடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, உரசிக் கிழியும்.

செம்பனைக்காடு | 5 ஆகஸ்ட், இரவு 11.31

வாழைப்பழம் வைத்துக் காட்டுவார்களே, கோயில் மண்டபத்தில் பழம் பூசைக்குத்தான் கிடைக்கும்.

மருந்துக்கடை | 5 ஆகஸ்ட், இரவு 11.36

வாழைப்பழமே வேண்டாம். "காட்டியபடிதான் செய்தோம்" என்று பழத்துக்கு மாட்டி வைத்தவர்களைப் பற்றிய பழைய நகைச்சுவை சும்மா பிறக்கவில்லை. மரத்தில் கடைந்த மாதிரி உண்டு. கிடைக்காவிட்டால் படம் போதும், கீழே "ஆண்குறி" என்று எழுதுங்கள். மிஸ்ஸி அக்கா சொன்ன பெயர்ப்பாடம் இங்கேதான் கைகொடுக்கும்.

மண்டபப்பொறுப்பு | 6 ஆகஸ்ட், காலை 6.50

நிறுத்துங்கள் அண்ணே. 13 வயதுப் பிள்ளைக்கும் இதையா?

ஆலோசனைடீச்சர் | 6 ஆகஸ்ட், மதியம் 1.05

இல்லை. 13, 14 ஒரு குழு. 15 முதல் 17 வரை இன்னொரு குழு. சின்னவர்களுக்கு உடல் மாற்றம், மாதவிலக்கு, தொடுதல், கைப்பேசி. பெரியவர்களுக்கு அதோடு கருத்தடை, தொற்று, சட்டம்.

பழையமிஸ்ஸி | 6 ஆகஸ்ட், இரவு 9.40

ஆண்பிள்ளைகளுக்கு என்று யாரும் எழுதவில்லை. மூன்று விஷயம்.

ஒன்று, விரை முறுக்கு. விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் திருகிக்கொள்வது. 12 முதல் 18 வயதில்தான் அதிகம். தூக்கத்தில்கூட வரும். திடீரென்று ஒரு பக்கம் கடுமையான வலி, பெரும்பாலும் வாந்தி, சில பையன்கள் அடிவயிற்று வலி என்று மட்டும் சொல்வார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விரையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம், நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். வெட்கப்பட்டு விடியும்வரை படுத்திருப்பான், அம்மா எண்ணெய் தடவி "வாயு" என்பாள், ஆறு மணி நேரம் போயிருக்கும். கிளினிக்குப் போக வேண்டும்.

இரண்டு, கனவில் விந்து வெளியேறுவது. நோயில்லை. "ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம்" என்பதற்கு உடற்கூறில் எந்த ஆதாரமும் இல்லை. விரை தினமும் விந்தணுவைப் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்கள் பிடிப்பது இந்தப் பையன்களைத்தான்.

மூன்று, முன்தோல். மலாய் நண்பர்கள் சுன்னத்து செய்தவர்கள், நம் பையன்கள் பெரும்பாலும் இல்லை. இடைநிலைப்பள்ளிக் கழிவறையில் கேலி தொடங்கும். வெட்டாமல் இருப்பது அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. குளிக்கும்போது முன்தோலைப் பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, மறக்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டு வீங்கினால் அவசரம். பின்னால் போகவே இல்லை என்றால் பலவந்தம் வேண்டாம், டாக்டரிடம் காட்டலாம், பலருக்குக் களிம்பிலேயே சரியாகும்.

மருந்துக்கடை | 6 ஆகஸ்ட், இரவு 10.15

அக்கா, ஒரு திருத்தம். விரை முறுக்குக்குக் கிளினிக் வேண்டாம். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. கிளினிக்கில் எண் எடுத்து உட்கார்ந்து, கடிதம் எழுதி ஈப்போவுக்கு அனுப்புவதற்குள் நேரம் ஓடிவிடும். வழியில் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது, மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

பழையமிஸ்ஸி | 6 ஆகஸ்ட், இரவு 10.22

ஆமாம்பா, நீங்கள் சொல்வதே சரி. கை பழக்கத்தில் கிளினிக் என்று எழுதிவிட்டேன். மேலே உள்ளதை அப்படியே யாரும் நகல் எடுக்காதீர்கள்.

பழையமிஸ்ஸி | 8 ஆகஸ்ட், மாலை 6.30

பெண்பிள்ளைகள் பக்கம். நம் ஊரில் சடங்குக்கு மண்டபம், பதாகை, மாமன் சீர், புகைப்படக்காரர், ஐந்து புடவை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கிடைக்கும். அந்த ஒன்பது நாளில் உடலில் என்ன நடந்தது என்று ஒருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்வதில்லை. சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்தையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாமே என்கிறேன்.

சொல்ல வேண்டியது: முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சுழற்சி 21 நாள் முதல் 45 நாள் வரை முன்பின் ஆகும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மணிக்கொரு பட்டை (பேட்) முழுதாக நனைந்தால், மூன்று மாதம் வராமலே இருந்தால், 15 வயது ஆகியும் தொடங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பட்டையை நாலு முதல் ஆறு மணிக்கொருமுறை மாற்ற வேண்டும். பள்ளிக் கழிவறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாததால் காலை ஆறு மணிக்கு வைத்ததை இரண்டு மணிவரை வைத்திருக்கிறார்கள், தொடை புண்ணாவது அதனால்தான். துணி பயன்படுத்தும் வீடுகளில் துணி குற்றமில்லை. யார் கண்ணிலும் படாமல் கட்டிலுக்கடியில் ஈரத்தோடு காயப்போடுவதுதான் குற்றம். சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காய வேண்டும்.

வெள்ளைப்படுதல்: தெளிவாகவோ வெள்ளையாகவோ, வாடை இல்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் இயல்பு. தயிர்த் திப்பி மாதிரி அரிப்போடு வந்தால் பூஞ்சை. மீன் வாடை, பச்சை மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி இருந்தால் கிளினிக். வெற்றிலைச் சாறு கலந்த கழுவு திரவம் பசார் மாலாமில் விற்கிறது, உள்ளே விட்டுக் கழுவவே கூடாது. யோனிக்குள் இருக்கும் நல்ல கிருமிகள் போய்த் தொற்றுதான் வரும்.

மருந்துக்கடை | 8 ஆகஸ்ட், இரவு 8.05

மாதவிலக்கு வலிக்குப் பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரை கேட்டு வருவார்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் பாதிப் பயன்தான். வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே அது குறைக்கிறது, ஆகவே வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு. ஆஸ்துமா, வயிற்றுப் புண் உள்ள பிள்ளை முதலில் மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். அம்மாவின் பையிலிருந்து எடுத்துப் போடுவது வேண்டாம்.

பெரியவர்கள் குழுவுக்கு இன்னும் இரண்டு. அவசர கருத்தடை மாத்திரை லெவோனோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, தரித்த கருவைக் கலைக்காது. கர்ப்பச் சோதனைக் குச்சியை மறுநாளே பார்த்துப் பயனில்லை. உறவுக்கு 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீர், உறையில் சொன்ன நிமிடத்தில் படிக்க வேண்டும். அரை மணி கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் காய்ந்த கோடு தெரியும், அதை நம்பி அழுதவர்கள் உண்டு.

செம்பனைக்காடு | 9 ஆகஸ்ட், காலை 10.00

சட்டம் சுலபம்தானே. 16 ஆனால் குற்றமில்லை. அவ்வளவுதான்.

ஆலோசனைடீச்சர் | 9 ஆகஸ்ட், மாலை 4.45

அவ்வளவு இல்லை. குற்றவியல் சட்டம் 375ஆம் பிரிவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் என்றால் அவள் சம்மதித்தாலும் பாலியல் வல்லுறவுதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் சிறுவர் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது சட்டம் 792, "சிறுவர்" என்று சொல்வது 18க்குக் கீழே உள்ள எல்லாரையும். பாலியல் நோக்கத்தோடு தொடுவது, நயந்து பேசி வலைவிரிப்பது, படம் எடுப்பது, வைத்திருப்பது, அனுப்புவது எல்லாம் அதில் வரும். 17 வயதுப் பையன் 15 வயதுத் தோழியின் படத்தை நண்பர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டால் "விளையாட்டு" என்று சொல்லித் தப்ப முடியாது.

குற்றம் தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். மண்டபப் பொறுப்பாளர் தம்பி, இது உங்களுக்கும் பொருந்தும். "குடும்ப மானம்" என்று பஞ்சாயத்தில் பேசி முடிப்பவர்களுக்கும்.

பழையமிஸ்ஸி | 9 ஆகஸ்ட், இரவு 8.50

யாராவது பிள்ளை வன்கொடுமை நடந்தது என்று சொன்னால் முதலில் மருத்துவமனை அவசரப் பிரிவு. ஒரே இட நெருக்கடி மையம் அங்கேதான் இருக்கிறது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. போலீஸ் புகாருக்கும் அங்கிருந்தே ஏற்பாடு நடக்கும். குளிக்கக் கூடாது. உடை மாற்றியிருந்தால் பழைய உடையைக் காகிதப் பையில் கொண்டுபோக வேண்டும், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் அழிந்துவிடும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். பயத்தில் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பேசினால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இரவு பகல் எந்நேரமும். எண்ணைப் பலகையில் எழுதினால் மட்டும் போதாது, எல்லாரையும் கைப்பேசியில் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். "கணக்கு டியூஷன்" நல்ல பெயர்.

ஆலோசனைடீச்சர் | 10 ஆகஸ்ட், காலை 11.30

கைப்பேசி மிரட்டல் பற்றி. இப்போது பையன்களும் சிக்குகிறார்கள். அழகான பெண் படத்தோடு ஒரு கணக்கு வரும், ஒரு மணி நேரத்தில் அந்தரங்கப் படம் கேட்கும், அனுப்பிய அடுத்த நிமிடம் "ஐந்நூறு வெள்ளி போடு, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்புவேன்". பணம் போடக் கூடாது, போட்டால் தொகை ஏறும். உரையாடலை அழிக்கக் கூடாது. கணக்கின் பெயர், முகவரி, வங்கி எண் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்த பிறகுதான் தடுக்க வேண்டும். பிறகு பெரியவர் ஒருவரோடு போலீஸ் புகார். 18க்குக் கீழே உள்ளவர்களுக்கு "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் ஏற்றாமல், கைப்பேசியிலேயே அதற்கு ஒரு எண் முத்திரை உண்டாக்கி, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்கப் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றோருக்கு ஒரு வரி சொல்லுங்கள்: முதல் நாள் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்குவார்கள் என்று தெரிந்தால் பையன் சொல்லவே மாட்டான், பணத்துக்குப் பாட்டியின் சங்கிலிதான் போகும்.

பழையமிஸ்ஸி | 12 ஆகஸ்ட், இரவு 9.10

விட்டுப்போனது: கருப்பை வாய்ப் புற்றுக்கான எச்பிவி தடுப்பூசி. 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசம். விட்டுப்போகிறவர்கள் யார் என்று பார்த்தால், அன்றைக்கு வராதவர்கள், பள்ளி மாறியவர்கள், சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்காதவர்கள். அப்பா சிங்கப்பூரில், அம்மா தொழிற்சாலை இரவு வேலை, வீட்டில் பாட்டிக்கு மலாய்ப் படிவம் வாசிக்கத் தெரியாது. வகுப்பன்று தடுப்பூசி அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். ஊசி விட்டுப்போன பெயர்களைக் கிளினிக்கில் கொடுத்துக் கேட்கலாம். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுவரை ஒரு ஊசியே போதுமானதாக இருக்கலாம் என்று பரிந்துரைத்தது, ஆகவே "மூன்று ஊசிக்கு அலைய வேண்டும்" என்று பயப்படும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்.

இன்னொன்று. ஆண் பெண் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதினேன் அல்லவா, அதைப் பற்றி மறுபடி யோசித்தேன். உறுப்புப் பெயரும் மாதவிலக்கும் இரு பக்கமும் கேட்க வேண்டும். சட்டையில் கறை பட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவன் அந்த வகுப்பில் இல்லாதவன்தான். கேள்விப் பதில் மட்டும் தனித்தனி.

மண்டபப்பொறுப்பு | 13 ஆகஸ்ட், காலை 7.05

ஒரு மண்டபம், ஒரு பாத்திர அறை. சின்னவர்களுக்கு 9 முதல் 11, பெரியவர்களுக்கு 11.30 முதல் 1.30. கேள்விப் பதிலுக்கு மட்டும் பையன்கள் பாத்திர அறைக்கு. இரண்டு மணி நேரம் நாலாகிவிட்டது, எய்ட்ஸ் பயம் என்று நான் போட்டிருந்த அரை மணியை எடுத்துவிட்டேன். மிஸ்ஸியை நாளை நேரில் பார்க்கிறேன். பெட்டிக்குச் சப்பாத்துப் பெட்டி போதுமா டீச்சர்?

ஆலோசனைடீச்சர் | 13 ஆகஸ்ட், காலை 7.40

போதும், மூடியை ஒட்டிவிட்டு இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கீறல் போடுங்கள். தாள் பிரிக்கும்போது மேலே மின்விசிறியை நிறுத்துங்கள். அந்த மண்டபத்து விசிறி எண் ஒன்றிலேயே கல்யாண மொய்க் கவரைப் பறக்கவிடும்.